போயிட்டு வாரேன்

கிர்கிஸ்தான் மலைக்கிராமப் பள்ளியில் ஒரு மாதம் தொண்டாசிரியையாக இருந்துவிட்டு, கோமதிநாயகி ஊருக்குக் கிளம்பினாள். தன் பிரிவுக்காக யாராவது அழ வேண்டும் என்று அவளுக்கு ரகசிய ஆசை. வீட்டில் அந்த வசதி இல்லை.

"போயிட்டு வாரேன் பிள்ளைகளா," என்றாள்.

பிள்ளைகளின் காதுப்பொத்தான்கள் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தன. முதல் வரிசை அழுதது. பிறகு வகுப்பே அழுதது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பெகிமாய் என்ற சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஏதோ கேட்டாள். கோமதிநாயகியின் பொத்தான் அதை அவளுடைய திருநெல்வேலித் தமிழிலேயே சொன்னது.

"எதுக்கு டீச்சர் திரும்பவும் வாரீய? மாசத்துக்கு ஒருத்தர் வந்து, ஏ ஃபார் ஆப்பிள்னே ஆரம்பிக்கீய. வெளிய பாருங்க, அம்புட்டும் ஆப்பிள் மரம்."

"எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். நெசமா வரமாட்டேன்."

முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று தெரியாமல் பிள்ளைகள் விழித்தார்கள்.

அம்மா கேட்டால் வாயிலேயே போடுவாள். ஆனாலும் கோமதிநாயகி சொல்லிவிட்டாள்.

"நான் போறேன்."

வகுப்பே ஓடிவந்து கட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அவளை யாரும் அவ்வளவு இறுக்கிக் கட்டிக்கொண்டதில்லை.