வட்டம் வந்த நாள்

பள்ளி ஆண்டின் கடைசி நாள். இரண்டாம் வகுப்பில் நன்றிப் பதக்கம் செய்துகொண்டிருந்தார்கள். மணி அடிப்பதற்குள் தன் கையாலேயே ஒன்று வெட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே வைராக்கியம். ஆனால், இடக்கைக்குக் கத்தரி பிடிபடவில்லை.

“கத்தரி ஒரே இடத்துல நிக்கணும், கண்ணு. அட்டையைத்தான் மெதுவா சுத்தணும். அப்பதான் வட்டம் வரும்,” என்றது பக்கத்தில் பொறுமையான ஒரு குரல்.

சுற்றினாள். வட்டம் உருளைக்கிழங்காகிவிட்டது.

“அதனால என்ன, கண்ணு? இன்னொண்ணு வெட்டலாம்.”

இம்முறை வட்டம் வட்டமாகவே வந்தது.

“டேய், மிஸ் மாதிரியே பேசுறாடா இவ!” என்று வகுப்பே சிரித்தது.

விபத்துக்குப் பிறகு வலக்கையால் கத்தரி பிடிக்க முடியாமல் போன மிஸ்ஸும் சிரித்துவிட்டாள். பதக்கத்தில் நாடாவைக் கோத்து, தன் இடக்கைக் கத்தரியைக் கொடுத்து அவளுக்கு வெட்டக் கற்றுத்தந்த அந்தப் பொக்கைவாய்ச் சிறுமியின் கழுத்தில் மாட்டினாள்.

“ரொம்ப நன்றி, டீச்சரம்மா!” என்றாள் மிஸ்.