குலுங்காத லொறி

“எலும்பெல்லாம் எடம் மாறிப்போச்சு” என்றாள் மெரினா டீச்சர். “இது லொறியா, இல்ல ஒரலா?”

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கஸ்பரின் முகம் சுருங்கிவிட்டது. காலையில் தேயிலை மூட்டைகளோடு ஹட்டன் ஸ்டேசனுக்கு இறங்கும்போது பரம சாதுவாக இருக்கும் தோட்டத்து லொறி, மாலையில் வெறுமையாக மலை ஏறும்போது மட்டும் துள்ளும். அந்த நேரம் பார்த்துத்தான் டிக்கோயாவில் பள்ளிக்கூடம் விட்டு டீச்சரும், அதே பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலாயியும் முன் சீட்டில் ஏறுவார்கள். மூன்று பேருக்கும் ஒரே தோட்டம்.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் டீச்சர் எகிறிப்போய் கஸ்பரின் தோளில் மோதுவாள். மோதலுக்கு ஒரு “ஐயோ”, ஒரு “சாரி”. கஸ்பருக்கு அது இனிக்காமல் இல்லை. ஆனாலும் ஒரு பெண் படும் அவஸ்தையில் நமக்கென்ன சந்தோசம் என்று தன்னையே திட்டிக்கொள்வான்.

“ஜன்னலோரம் ஒக்காருங்க டீச்சர், கம்பியப் புடிச்சுக்கலாம்” என்றாள் வேலாயி.

“வேணாம் அக்கா, எனக்குக் காத்து ஒத்துக்காது.”

காற்றைக்கூடத் தாங்காத உடம்பா என்று கஸ்பர் உருகியே போனான்.

அந்த வாரம்தான் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் உத்தரவு வந்தது. பக்கத்துத் தோட்டத்து மூட்டைகளும் இனி இந்த லொறியில்தான் போகவேண்டும். லொறிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டிக் கட்டு என்றார் தொரை. கஸ்பர் கணக்குப் போட்டுப் பார்த்தான். பட்டை கூடினால் லொறி இறுகிவிடும், வெறும் லொறி இன்னும் துள்ளும். டீச்சர் பஸ்ஸுக்கு மாறிவிடுவாள். மாதக்கணக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் அந்த ஒரு கேள்வியை அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ஹட்டனில் பட்டை கட்டும் மேஸ்திரி கந்தப்பன் பாஸிடம் லொறியைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

“சுமையும் தாங்கணும், குலுங்கவும் கூடாதுங்க பாஸ்.”

“ரெண்டும் ஒண்ணா வேணுமா? நல்லா கேட்ட போ” என்றார் கந்தப்பன். “பாரம் தாங்கணும்னா பட்டைய மொத்தமா, தடிப்பா போடணும். மொத்தமா போட்டா தூக்கித்தான் அடிக்கும்.”

“மூட்டைக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா கட்ட முடியாதுங்களா?”

கந்தப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லொறிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

அன்று முழுக்க அங்கே சுத்தியல் சத்தம்தான். மேலே நீளமாக, மெல்லிசாகச் சில பட்டைகள். அதற்குக் கீழே, கொஞ்சம் இடைவெளி விட்டு, மொத்தமான குட்டைப் பட்டைகள். பாரம் ஏறி அமுங்கினால் மட்டும் குட்டைகள் வந்து தாங்கும். வெறும் லொறியில் அவை சும்மா இருக்க, மெல்லிசுகள் வேலை பார்க்கும். முன்பக்கத்துப் பட்டைகளையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே கிரீஸ் பூசி, புது ரப்பர் வைத்துப் பூட்டினார்.

வெள்ளோட்டத்தில் கந்தப்பனை ஓட்டவிட்டு, டீச்சர் உட்காரும் நடு இடத்தில் கஸ்பர் உட்கார்ந்தான். கையில் ஒரு கிளாஸ் பிளேன்டீ. ஹட்டன் ரோட்டின் பெரிய பள்ளங்களைத் தேடித் தேடி இறங்கியும் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

“இந்த எடத்துல யாரு ஒக்காரப் போறா?” என்றார் கந்தப்பன்.

“மூட்டைங்க பாஸ்.”

“மூட்டைக்கு இடுப்பு வலிக்குமா?”

கஸ்பர் வெட்கத்தில் அவ்வளவு டீயையும் ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை மாலை அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். கேள்வியை இன்றைக்கே கேட்டுவிடுவது என்று தீர்மானம். கோயில் வளைவில் இருக்கும் அந்தப் பொல்லாத பள்ளம் வந்தது. லொறி அதில் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது.

“தொட்டில்ல போட்ட மாதிரி இருக்கு தம்பி” என்ற வேலாயி, அடுத்த வளைவுக்குள் தூங்கிவிட்டாள்.

டீச்சர் இப்போது எகிறவும் இல்லை, அவன் தோளில் மோதவும் இல்லை. “ஐயோ”வும் இல்லை, “சாரி”யும் இல்லை. இருவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளி, இம்மியும் குறையாமல் தோட்டத்து எல்லை வரைக்கும் கூடவே வந்தது. அவளுடைய முகம் வளைவுக்கு வளைவு வாடிக்கொண்டே போவதைப் பார்த்துக் கஸ்பருக்கு வியர்த்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“லொறி எப்படிங்க டீச்சர் இருக்கு?”

“பட்டைய மாத்திட்டீங்களா?”

“ஆமாங்க. பாரத்துக்காகத் தொரை மாத்தச் சொன்னாரு. குலுங்காம இருக்கணும்னு நான்தான் ஒங்களுக்காக…” என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

டீச்சர் தூங்குகிற வேலாயியை ஒரு தரம் பார்த்தாள். நடுவில் இருந்த இடைவெளியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு ரோட்டையே பார்த்தபடி, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கும் குரலில் சொன்னாள்:

“ஒண்ணு இதைக் கழட்டுங்க, இல்லாட்டி எங்க அப்பாகிட்ட வந்து பொண்ணு கேளுங்க.”