வீட்டுக்கென்று ஒரு கோழி

"இந்த ஊசியும் கேட்கலையா, டாக்டர் ஆபா?"

மொஃபஜ்ஜல் தரையிலிருந்து எழுந்து நின்றார். டாக்டர் ரெஹ்னுமா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்ற கால்கள். கட்டிலில் ஒருத்தி, கீழே பாயில் ஒருத்தி என்று காஜிப்பூர் பக்கத்து அந்த ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு நிரம்பிக் கிடந்தது.

"கேட்கலை, சாச்சா. ஆபரேஷன் காயத்துல சீழ் நிக்கவே மாட்டேங்குது. காய்ச்சலும் இறங்கலை. இனி ஒரே ஒரு மருந்துதான் பாக்கி. அதுவும் கைவிட்டா எனக்கு வேற வழி தெரியலை."

மூலைக் கட்டிலில் மொஃபஜ்ஜலின் மகள் நிலூஃபா கண்மூடிக் கிடந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த பெண். அவள் பெற்ற சிசு, கட்டிலடியில் உட்கார்ந்திருந்த மொஃபஜ்ஜலின் மனைவி ஹாஸ்னாவின் மடியில் சிணுங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. பிராய்லர் பண்ணை வெச்சிருக்கீங்களே, தீவனத்துல மருந்து கலக்கறீங்களா?"

"கலக்காம? குஞ்சு தர்ற டீலரே மருந்தையும் கையில திணிச்சிடறான். கோழி தும்முனா ஒண்ணு, தும்மாம இருக்க ஒண்ணு. ஊரே செய்யறதுதானே!"

"அதே மருந்தைத்தான் சாச்சா நான் உங்க பொண்ணுக்கு ஏத்திக்கிட்டிருந்தேன். கோழி வயித்துல இருக்கற கிருமிக்கு அது பழகிப்போச்சு. இப்ப அதுக்கு மருந்தும் ஒண்ணுதான், பச்சைத் தண்ணியும் ஒண்ணுதான். அந்தக் கிருமிதான் இவ புண்ணுல உட்கார்ந்திருக்கு."

மொஃபஜ்ஜலுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அல்லா மேல ஆணை! எங்க வீட்ல பிராய்லரை யாரும் வாயில வைக்கறதில்லை. அதெல்லாம் டாக்காக்காரங்களுக்கு. அதுல என்ன கிடக்குன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க திங்கறது முற்றத்துல மேயற நாட்டுக் கோழி. இவ மாசமா வந்ததிலேருந்து பண்ணைப் படலைத் தாண்ட விட்டதில்லை. நான்கூடக் குளத்துல முங்கிட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவேன்."

"ஊருக்கு ஒரு கோழி, வீட்டுக்கு ஒரு கோழி. நல்லாயிருக்கு, சாச்சா."

மொஃபஜ்ஜல் தலையைக் குனிந்துகொண்டார். சண்டை போட டாக்டருக்கும் தெம்பில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"கறியை நல்லா வேகவெச்சா கிருமி செத்துடும். ஆனா எச்சம், இறகு, அறுக்கற கை, இதுங்க வழியா வந்து சேரும். உங்க நாட்டுக் கோழிங்க ராத்திரி எங்க அடையுது?"

"நிலூஃபா கட்டிலுக்கு அடியில, கூடையில. வெளிய விட்டா நரி தூக்கிடும். ஆனா அதுங்க சுத்தம், ஆபா! மருந்து வாசனையே அறியாத கோழிங்க."

"என்ன திங்குது?"

"என்ன திங்கும்? புழு, பூச்சி..."

"ஆமா, புழுவும் பூச்சியும் தின்னுதான் இவ்வளவு கொழுப்பு வெச்சதாக்கும்!" என்றாள் ஹாஸ்னா. பல நாள் தூங்காத எரிச்சல் அவள் குரலில் இருந்தது. "எல்லாம் தானா நடக்குதுன்னு நினைப்பு இந்த மனுஷனுக்கு."

குழந்தையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, மகளுக்குக் கொண்டுவந்திருந்த தூக்குச் சட்டியைத் திறந்தாள். சூப்பின் மேல் மஞ்சளாய்க் கொழுப்பு மிதந்தது.

"பண்ணைத் தொட்டியில மீந்த தீவனத்தை நான்தானே தினமும் அள்ளிட்டு வந்து போடறேன்? வீணாக்கலாமா? அதுலயும் இவ பிரசவத்துக்குன்னு ஒதுக்கி வெச்ச கோழிங்களுக்கு ரெண்டு கை கூடவே போட்டேன்."