எங்கேயும் எழுதாத பாஸ்வேர்டு

“பாஸ்வேர்டு என் தலையிலதான் இருக்கு ரென்ஸ்கே. வெளியே வர அடம் பிடிக்குது, அவ்வளவுதான்” என்றார் ஹெஸல்.

“அப்ப தலையை நல்லாத் தட்டிப் பாருங்க. இன்னும் ஒரே ஒரு தடவைதான் போட்டுப் பார்க்கலாம். அதுவும் தப்பாப் போச்சுன்னா உள்ளே இருக்கிற அத்தனையும் அழிஞ்சிடும்.”

எங்கள் சின்ன ஊரான பால்ஸ்வார்டில் சிறு கடைகளின் கம்ப்யூட்டர்களுக்குத் திருட்டுப் பயம் இல்லாமல் காவல் போட்டுக் கொடுப்பவள் ரென்ஸ்கே. நட்டால் பூப் பூக்கும் கிழங்குகளை விற்கும் ஹெஸலின் கடைக்கும் இரண்டு வாரம் முன்புதான் பூட்டுப் போட்டுவிட்டுப் போனாள். இன்று அவர் பதறிப்போய்க் கூப்பிட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மணி நாலரை. ஊர்ப் பூங்காக்கள் முழுவதற்கும் டூலிப் கிழங்கு தருவதற்கான விலைப்பட்டியல் ஐந்து மணிக்குள் நகராட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மாதமாக ஹெஸல் உட்கார்ந்து தயாரித்த பட்டியல் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அது போகாவிட்டால் இந்தக் குளிர்காலத்தோடு கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

“மாற்றுச் சாவி ஒண்ணு போட்டு வைக்கிறேன்னு நான் அன்னிக்கே சொன்னேனே?”

“அது திருடனுக்கும் வசதியாப் போயிடும்னு நான்தான் வேண்டாம்னேன்.”

“இப்பத் திருடனும் உள்ளே போக முடியாது, நீங்களும் போக முடியாது. நான் போட்ட பூட்டுக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் வேணுமா?”

கடைக்குப் பின்னாலேயே வீடு. அங்கிருந்து காபியோடு வந்தாள் ஹெஸலின் மனைவி மாரிட். பிஸ்கட் டப்பாவைத் திறந்து ரென்ஸ்கேயிடம் நீட்டினாள். அவள் ஒன்றை எடுத்ததும், “இன்னொண்ணு எடுத்துக்கோ” என்றாள். காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடும் எங்கள் ஊரில் இரண்டாவது பிஸ்கட் கிடைப்பதெல்லாம் லேசுப்பட்ட விஷயமில்லை. ஹெஸல் கையை நீட்டுவதற்குள் டப்பா மூடிக்கொண்டது.

“எனக்கு?”

“உனக்கு எதுக்கு? உன் தலையிலதான் என்னென்னவோ இருக்கே. எனக்குத்தான் இத்தனை வருஷமாத் தெரியாமப் போச்சு.”

ஹெஸல் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். அரை மணி நேரத்தில் இது நாலாவது தடவை.

“வயித்துக்குச் சரியில்லையா?” என்று கேட்டாள் ரென்ஸ்கே.

“மனசுல பயம் இருந்தா அப்படித்தான் போகச் சொல்லும்” என்றாள் மாரிட்.

போன வேகத்திலேயே திரும்பி வந்தார் ஹெஸல். முகம் வெளுத்திருந்தது. மாரிட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஹெஸல், வர்ற வெள்ளிக்கிழமை உனக்கு வெளியே எங்கேயாவது போற வேலை இருக்கா?”

“கடையே கையை விட்டுப் போகப்போகுது, நீ வெள்ளிக்கிழமையைக் கேக்கிற.”

“சும்மாதான் கேட்டேன். பூ கீ வாங்க வேண்டியிருக்குமேன்னு.”

“கிழங்கு விக்கிறவன் பூ எதுக்கு வாங்கணும்?”

ரென்ஸ்கேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷமாச்சு. இன்னும் உங்களைச் சீண்டுறதை விடலையே இவங்க” என்றாள்.

மணி நாலு நாற்பத்தைந்து ஆனது. ரென்ஸ்கே காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

“உண்மையைச் சொல்லுங்க. அதை எங்கேயாவது எழுதி வச்சீங்களா?”

“எழுதவே கூடாதுன்னு நீதானே சொன்னே.”

“நான் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க என்ன செஞ்சீங்கன்னு கேக்கிறேன்.”

ஹெஸல் தலையைக் குனிந்துகொண்டார். “எல்லார் பிறந்தநாளையும் குறிச்சு வைக்கிற காலண்டர்ல எழுதினேன்.”

ரென்ஸ்கே நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஊர்ல எல்லார் வீட்டுலயும் அது கழிப்பறையிலதான் தொங்குது. வீட்டுக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம உக்காந்து நிதானமாப் படிக்கிற இடம். அங்கேயா?”

“பார்த்தா பாஸ்வேர்டு மாதிரியே தெரியாது. யாருக்கோ பிறந்தநாள் வர்ற மாதிரி ஒரு பேரு, தேதி, வருஷம். சொந்தக்காரங்க பேரை வச்சா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு நீ சொன்னே. அதனால உலகத்திலேயே இல்லாத ஒரு பொம்பளைக்கு நானே பேரு வச்சேன். தினமும் காலையில அதைப் பார்த்துட்டு வந்துதான் தட்டுவேன். இன்னிக்குப் போய்ப் பார்த்தா அந்த இடத்துல வெள்ளை மை பூசியிருக்கு.”

“அந்தப் பேரு துளிகூடவா ஞாபகம் இல்ல?”

“ரோன்னு ஆரம்பிக்கும். அதுக்கு மேல சத்தியமாத் தெரியல.”

மாரிட் டப்பாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டு, ஹெஸலை எழுப்பி, அவர் நாற்காலியில் தான் உட்கார்ந்தாள்.

“ரோஸலிண்ட வான் ஆர்டன்பர்க். செப்டம்பர் இருபத்தாறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது” என்று முணுமுணுத்துக்கொண்டே, ஓர் எழுத்துப் பிசகாமல் தட்டினாள். பட்டியல் திரையில் வந்து நின்றது.

“என்னைவிடப் பதினேழு வயசு சின்னவ. வர்ற வெள்ளிக்கிழமை அவளுக்குப் பிறந்தநாள்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காலையில மையைப் பூசி அழிச்சுட்டேன் ஹெஸல். ஆனா பன்னிரண்டு நாளா அவ என்னைத் தூங்கவே விடல.”