பஞ்சில் எடுத்தது

பெங்களூரு ஆய்வகத்தில் ஜெசிந்தாவின் குடுவை மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. முதுகலைப் பட்டத்துக்கு அவளே ஒரு சேர்மம் செய்து, அதைப் புற்றுநோய்ச் செல்களில் சோதித்துக் காட்ட வேண்டும். ஏழு மாத உழைப்பு கருங்கல்லில் மஞ்சள் ஈரமாகப் பரவியிருக்கிறது. வீட்டுக்குப் போகும் பிரேசர் டவுன் பஸ்ஸும் போய்விட்டது. அவள் அழவில்லை. இடுக்கியில் பஞ்சைப் பிடித்து, ஈரத்தை ஒற்றி ஒற்றி அசிட்டோனில் பிழிகிறாள். சாய்வெயிலில் ஒவ்வொரு துளியும் மின்னி விழுகிறது. சிலிக்கா அடைத்த கண்ணாடிக் குழாய் வழியே அது வடியும்போது, நோட்டில் பேனாவால் எழுதுகிறாள்.

"எழுதாத ஜெசி. வைவா பரீட்சைல இதயே புடிச்சுப்பாங்க. கொட்டவே இல்லன்னு நெனச்சுக்கோ, அஷ்டே, அவ்ளோதான்" என்கிறான் அடுத்த மேசை உமேஷ்.

"மேசை அழுக்கால செல்லு செத்தா? என் மருந்துதான் கொன்னுச்சுன்னு சொல்லவா?"

வடிந்ததில் ஒரு சொட்டைச் சோதனைத் தகட்டில் ஏற்றிப் பார்க்கிறாள். புற ஊதா விளக்கின் கீழ் ஒரே ஒரு கரும்புள்ளி. அழுக்கு இருந்தால் இரண்டு தெரியும்.

"பாத்தியா, சுத்தமா இருக்கு. இப்பவாவது அந்த வரிய அடிச்சிடும்மா."

அவள் நோட்டை அவன் பக்கம் திருப்புகிறாள். "சாட்சிக் கையெழுத்து போடுப்பா."

'மேசையில் கொட்டியது. பஞ்சில் எடுத்தது.' அவன் இரண்டு முறை படிக்கிறான். அவள் பேனாவை வாங்கி, அதன் கீழே தன் பெயரை எழுதுகிறான்.