பாதரசத்தின் தடுமாற்றம்

கோதோமி இன்றும் வசனத்தைக் கோட்டை விட்டாள்.

பக்கத்து மைக்கில் நின்றிருந்த மிச்சிருவுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒலி இயக்குநர் வாகுரி, இன்னொரு தடவை போகலாம் என்றார். கோதோமி இடுப்பு வளைய வணங்கி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். இந்த வாரத்தில் எத்தனையாவது மன்னிப்போ.

டோக்கியோவில் இப்போது அந்தத் தொடரைப் பற்றித்தான் பேச்சு. சித்திரக்கதை வில்லன்களைச் சிறையிலிருந்து கூண்டோடு பிடித்து, டிராகனும் மந்திரவாதியும் உலவுகிற வேறொரு உலகத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிற அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன். அதற்கு உயிரே 'பாதரசம்' என்கிற வில்லிதான். உருகுவாள், உறைவாள், சிரித்தே ராஜாக்களைக் கவிழ்ப்பாள்.

அந்தக் குரலுக்கான தேர்வில் கடைசிவரை நின்றவர்கள் இரண்டே பேர். ஒரே குரல் நடிப்புப் பயிற்சிப் பள்ளியில் படித்த மிச்சிருவும் கோதோமியும். பாதரசம் கோதோமிக்குப் போனாள். மிச்சிருவுக்குக் கிடைத்தது, பாதரசத்தோடு மல்லுக்கு நிற்கிற பூதக் கூட்டத்தின் தலைவி. பச்சைத் தோல், கோரைப்பல், வருகிற காட்சியிலெல்லாம் கத்தல்.

மிச்சிரு வாழ்த்துச் சொன்னாள். வாய்தான் சொன்னது.

ரயில் நிலையத்துச் சுவர் முழுக்க ஒட்டிய விளம்பரத்தில் கோதோமியின் பெயரைப் பார்த்த அன்று, கையிலிருந்த சோற்றுருண்டையைக் கடிக்காமலே பைக்குள் திணித்தாள். பள்ளியில் இவள் குறிப்பைப் பார்த்து மூச்சுப் பயிற்சி கற்றவள் அவள். அவளுக்கா பாதரசம்?

மறுநாளிலிருந்து, பகுதிநேர வேலை பார்க்கும் ரொட்டிக் கடையிலிருந்து நேரே, பாட்டுப் பாட வாடகைக்கு விடும் ஒரு கரோக்கே அறைக்குப் போக ஆரம்பித்தாள். பாடுவதற்கு அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு பாதரசத்தின் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பாள். அவள் போடுகிற சாபங்களையெல்லாம் உரக்கப் போட்டுப் பார்ப்பாள். கோதோமி சறுக்குகிற நாளில் தயாராக இருக்க வேண்டுமே.

சறுக்கலும் சீக்கிரமே ஆரம்பித்தது. ஒருநாள் கோதோமி ஒரு சொல்லை விழுங்கினாள். இன்னொரு நாள் வரி மாற்றிப் படித்தாள். நல்ல காட்சியின் நடுவே தும்மினாள். மற்ற நடிகர்கள் முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தார்கள்.

இடைவேளையில் கோதோமி தேன் கலந்த வெந்நீரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க, மிச்சிரு சான். இதமா இருக்கும்."

"உனக்குத்தான் இப்ப அது தேவை" என்றாள் மிச்சிரு. கோதோமி குடுவையை மூடினாள்.

அன்றைய பதிவு முடிந்ததும் மிச்சிரு நேரே வாகுரியிடம் போனாள். என்ன பேச வேண்டும் என்று ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க, வாகுரி சான். கோதோமி என் சிநேகிதிதான். ஆனா அவளால எல்லாருக்கும் நேரம் வீணாகுது."

வாகுரி மறுக்கவில்லை. அவருக்கும் அதே கவலைதானாம். இப்படியே போனால் ஆளை மாற்றச் சொல்லித் தயாரிப்பாளரும் நெருக்குகிறாராம்.

மிச்சிரு ஓரடி முன்னால் வந்தாள்.

"பாதரசத்தோட வசனம் முழுசும் எனக்குத் தெரியும். நீங்க சொன்னா இப்பவே பேசிக் காட்டுறேன்."

வாகுரி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல. நீ இல்லாத காட்சியில அவ ஒரு இடத்துலகூடத் தடுமாறல. உன் கூட நிக்கிறப்ப மட்டும் என்னதான் ஆகுதோ."

"என் கூட ஈடுகொடுக்க முடியல போல" என்றாள் மிச்சிரு. சொல்லும்போதே இனித்தது. "வேணும்னா இன்னிக்கு எடுத்ததைப் போட்டுக் கேட்டுப் பாருங்க."

போட்டார்.

பூதத் தலைவி கத்தினாள். கத்தலின் நுனியில் குரல் பிசிறி, துணி கிழிகிற மாதிரி ஆனது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கோதோமி தன் வரியைக் குழப்பிவிட்டு, மன்னிக்கணும், என் தப்பு என்றாள்.

அடுத்த தடவை. பூதத் தலைவியின் குரல் மறுபடி கிழிந்தது. உடனே கோதோமிக்குத் தும்மல்.

அதற்கடுத்ததும் அப்படியே. கடைசித் தடவை மட்டும் மிச்சிருவின் குரல் சுத்தமாக வந்தது. கோதோமியும் தடுமாறவில்லை.

கரோக்கே அறையில் சிரித்துச் சிரித்துத் தேய்ந்த தொண்டை. மைக் முன்னால் நின்றபோது மிச்சிருவுக்கு அது கேட்கவே இல்லை. அவள் காது முழுக்கக் கோதோமியிடம் அல்லவா இருந்தது. மற்றவர்கள் காதும் கோதோமியின் தப்பிலேயே நின்றுவிட்டது.

வாகுரி ஒலியை நிறுத்தினார். பூதத் தலைவி மாதிரியான வேஷத்துக்குக் குரல் போனால் மறுநாளே வேறு ஆள் வந்து நிற்பார். இந்தத் தொழிலில் அதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் எழுந்து கதவைத் திறந்தார். வெளியே குளிர்கோட்டு மாட்டிக்கொண்டிருந்த கோதோமியை உள்ளே கூப்பிட்டார்.

"இவ குரல் கெட்டுப்போயிருக்கு. உனக்குத் தெரியுமா?"

கோதோமி கோட்டின் பொத்தானைப் போட்டாள்.

"மறைக்காத. தப்பு உன்னோடதுன்னா, மேல இருக்கிறவங்க மாத்தப்போறது உன்னைத்தான்."

கோதோமி மிச்சிருவின் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பு வளைய வணங்கினாள்.

"அவங்க குரல் நல்லாத்தான் இருந்துச்சுங்க. நான்தான் தடுமாறிட்டேன்."