நேற்று மட்டும் பூஜ்யம்

கல்லூரிப் பேராசிரியர் இளவரசன் தன் கல்வெட்டுப் பாடங்களை வலைப்பூவில் எழுதிவந்தார். வகுப்பில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஆனாலும் தினமும் நாற்பது பேர் வந்துபோனதாகத் திரையில் எண்ணிக்கை ஏறும். தனியாகப் பொங்கித் தனியாகச் சாப்பிடுகிற மனிதருக்கு அந்த நாற்பது பேர்தான் சொந்தபந்தம்.

அன்று வேங்கிக்கால் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவர் பதறிவிட்டார்.

"ரஹமத், நேத்து ஒருத்தர்கூட வரலையேப்பா! பாடம் சரியில்லையோ?"

கடைக்காரர் ரஹமத் தலையைச் சொறிந்தார். "நேத்து பக்ரீத் சார். கடை லீவு."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

ரஹமத் கல்லாவில் சில்லறையை எண்ணத் தொடங்கினார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒருவர் இணையத்தைத் திறந்தார். அந்தக் கடையின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் போலவே, தானாக முதலில் வந்து நின்றது இளவரசனின் வலைப்பூ. அவர் அதைப் படிக்காமலே மூடிவிட்டு ரயில் டிக்கெட் தேடினார்.

இளவரசனின் எண்ணிக்கையில் ஒன்று ஏறியது.